மூன்றாவது இலக்கத்தைப் பார்க்காமல் அனுப்பிய பிரேக் பெட்டிகள்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: இருமுறை தவறான பிரேக் பாகங்கள் அனுப்பியது, மூன்று மாதத்தில் வெடிப்பு விட்ட பெட்ரோல் குழாய், பணத்தைத் திருப்பித் தர மறுத்தது.

மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நிறுவனத்துக்கு இதுவரை நான்கு மின்னஞ்சல்கள் எழுதிவிட்டேன். தொலைபேசியில் ஆறு முறை பேசியிருக்கிறேன். கடைசியாக வந்த பதிலில், அனுபவமில்லாதவர்கள் பாகங்களைப் பொருத்துவதால் ஏற்படும் சேதத்துக்கு நிறுவனம் பொறுப்பேற்காது என்று எழுதியிருந்தீர்கள்.

நான் அனுபவமில்லாதவன்தான். அதை ஆர்டர் கொடுத்த அன்றே உங்கள் ஊழியரிடம் நானே சொன்னேன். ஸ்பேனரைக் கையில் எடுத்து ஓராண்டுதான் ஆகிறது. எந்தப் பாகம் எந்த வண்டிக்கு என்று எனக்குத் தெரியாது என்பதால்தான் தெரிந்தவர்கள் என்று நம்பி உங்களிடம் வந்தேன். மேலும், நீங்கள் அனுப்பிய பிரேக் பாகங்களில் ஒன்றைக்கூட நான் பொருத்தவில்லை. பொருத்த முடியவில்லை என்பதுதானே என் புகார்!

எங்கள் வண்டி ஜெர்மனியில் தயாரான இரண்டாம் தலைமுறை ஃபோக்ஸ்வாகன் கேம்பர்வேன், அதாவது உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வேன். பதிவுப் புத்தகத்தில் இருப்பது 1970 அக்டோபர். பல ஆண்டுகள் வெயிலிலும் மழையிலும் கிடந்த வண்டி. வாங்கும்போது மேலே மட்டும்தான் துரு என்று நினைத்தேன். தரைவிரிப்பைத் தூக்கிய பிறகுதான், ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே தரை என்று எதுவும் இல்லை, விரிப்புதான் தரையாக இருந்திருக்கிறது என்று தெரிந்தது.

என் தவறுகளையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கழற்றிய போல்ட்டுகளை எல்லாம் ஒரே வாளியில் போட்டு வைத்து, பிறகு ஒரு மாதம் அந்த வாளியோடு மல்லுக்கட்டினேன். கதவுக்குக் கீழே இருந்த துருப்பிடித்த சட்டத்தை முட்டுக் கொடுக்காமல் வெட்டினேன். வண்டியின் உடல் சற்றே தொய்ந்து, பக்கக் கதவு இன்றுவரை தோளால் தள்ளினால்தான் மூடுகிறது. உள்ளே அலமாரி செய்யும்போது வண்டியின் சுவர் நேராக இருக்கும் என்று நம்பி அளவெடுத்தேன். முன் கண்ணாடி ரப்பரில் ஒரு மூலையில் தண்ணீர் கசிகிறது. அந்த ரப்பரும் உங்களிடம் வாங்கியதுதான், ஆனால் அதில் குறையில்லை. கண்ணாடி உட்காரும் விளிம்பில் இருந்த துருக்குழியைச் சரியாகத் தேய்க்காமல், கயிறு கோத்து அவசரமாக ரப்பரை இழுத்தது நான். அதற்காக ஒரு பைசாவும் கேட்கவில்லை. எது என் பிழை, எது உங்கள் பிழை என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியும் என்பதற்காகவே இவ்வளவும் எழுதுகிறேன்.

இனி உங்கள் பிழைக்கு வருகிறேன்.

உங்கள் ஆர்டர் படிவத்தில் சேசிஸ் எண், அதாவது வண்டியின் அடையாள எண், கேட்டிருந்தீர்கள். அந்த எண்ணைச் சரிபார்த்த பிறகே பாகங்கள் அனுப்பப்படும் என்றும் அதற்குக் கீழே எழுதியிருந்தது. எஞ்சின் அறையில் பொறித்திருக்கும் எண்ணை டார்ச் வெளிச்சத்தில், கம்பித் தூரிகையால் சுரண்டி, ஒவ்வொரு இலக்கமாகப் படித்து எழுதி அனுப்பினேன். கூடவே வண்டியின் முன்பக்கப் புகைப்படமும் அனுப்பினேன்.

முதல் பெட்டியில் வந்தவை முன்சக்கர டிரம் பிரேக்குக்கான, அதாவது சுழலும் உருளைக்குள் உரசி நிறுத்தும் வகைக்கான, ஷூக்களும் வீல் சிலிண்டர்களும். சக்கரத்தைக் கழற்றினால் அங்கே டிரம் இல்லை; தட்டையான டிஸ்க் இருந்தது. ஒரு சனிக்கிழமை முழுவதும் அதைச் சுற்றிச் சுற்றி வந்தேன். உங்கள் ஊழியரைக் கூப்பிட்டால், "1970 வண்டி என்றால் டிரம்தான் சார். முன்பு வைத்திருந்தவர் மாற்றியிருப்பார். அவரிடம் விசாரித்துவிட்டுச் சொல்லுங்கள்" என்றார். அந்தப் பேச்சை நம்பி, வண்டியை எனக்கு விற்றவரைத் தேடிப் பிடித்துக் கேட்டேன். தான் பிரேக்கைத் தொட்டதே இல்லை என்று அவர் சத்தியம் செய்தார். இந்த அலைச்சலில் மூன்று வாரம் ஓடியது.

விஷயத்தை விளக்கியது உங்கள் நிறுவனமல்ல, பக்கத்துத் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற மெக்கானிக் ஒருவர். சேசிஸ் எண்ணைக் காட்டச் சொன்னார். "தம்பி, மூன்றாவது இலக்கம் என்ன?" என்றார். 1. "அது மாடல் ஆண்டின் கடைசி இலக்கம். அப்படியென்றால் இது 1971 மாடல்" என்றார். அந்தத் தொழிற்சாலையில் மாடல் ஆண்டு ஜனவரியில் பிறப்பதில்லை, ஆகஸ்டில் பிறக்கிறது. 1970 ஆகஸ்டிலிருந்து இந்த வேன்களுக்கு முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக் வந்துவிட்டது. அதோடு சக்கரம் பூட்டும் ஐந்து துளைகளின் வட்டமும் 205 மில்லிமீட்டரிலிருந்து 112 ஆகச் சுருங்கியது. அவர் சொன்னதும் போய் அளந்தேன். 112. அக்டோபரில் பிறந்த வண்டிக்கு, அதற்கு முந்தைய ஜூலை வரை வந்த வண்டியின் பிரேக்கை அனுப்பியிருக்கிறீர்கள். படிவத்தில் கேட்டு வாங்கிய எண்ணை ஒருவர் ஒரு நொடி பார்த்திருந்தால் போதும்.

இதை எழுதித் தெரிவித்த பிறகு இரண்டாவது பெட்டி வந்தது. இம்முறை டிஸ்க் பேடுகள்தான். ஆனால் பேடுகளை டிஸ்கின் மேல் அழுத்தும் கேலிப்பருக்குள் நுழையவில்லை. பேடு பெரிதாக இருந்தது. 1972 ஆகஸ்டுக்குப் பிறகு வந்த வண்டிகளுக்கானவை என்று பெட்டியின் மேலேயே அச்சிட்டிருந்தது. நான் அனுப்பிய புகைப்படத்தைத் தயவுசெய்து இப்போதாவது திறந்து பாருங்கள். முன் இண்டிகேட்டர் விளக்குகள் கீழே, பம்பருக்குச் சற்று மேலே இருக்கின்றன. 1972 ஆகஸ்டில்தான் அவை மேலே, காற்றுச் சல்லடைக்கு இருபுறமும் ஏறின. இதைப் படித்துத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு மாலைப்பொழுது ஆனது. இதையே தொழிலாகச் செய்கிறவர்களுக்கு வண்டியின் முகத்தைப் பார்த்ததும் தெரிந்திருக்க வேண்டாமா?

பேடு நுழையவில்லை என்று சொன்னபோது கிடைத்த ஆலோசனையை மறக்கவே முடியாது. ஓரத்தை அரத்தால் கொஞ்சம் தேய்த்துப் போட்டுக்கொள்ளுங்கள் என்றார் உங்கள் ஊழியர். பிரேக் பேடை! ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டி, அதற்குள் என் மனைவி, இரண்டு பிள்ளைகள், அலமாரி, தண்ணீர்த் தொட்டி. அதை நிறுத்த வேண்டிய பொருளை அரத்தால் தேய்க்க வேண்டுமாம். அனுபவமில்லாதவன் என்று என்னைச் சொல்கிறீர்கள். எனக்கே அது தவறு என்று தெரிந்தது.

இரண்டு பெட்டிகளையும் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னால், முதல் பெட்டிக்கு 30 நாள் கெடு முடிந்துவிட்டது என்கிறீர்கள். அந்த 30 நாளில் 21 நாள், உங்கள் ஊழியர் சொன்னபடி பழைய உரிமையாளரைத் தேடியதில் போனது. இரண்டாவது பெட்டி திறக்கப்பட்டுவிட்டதால் எடுக்க முடியாது என்கிறீர்கள். திறக்காமல் எப்படிப் பொருத்திப் பார்ப்பது?

இதுவரை சொன்னது பணமும் நாளும் சம்பந்தப்பட்டது. குழாய் விஷயம் அப்படியல்ல.

பழைய பெட்ரோல் குழாய்களை எல்லாம் மாற்றிவிட வேண்டும் என்று அந்த மெக்கானிக் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். உங்கள் பட்டியலில் எத்தனால் கலந்த பெட்ரோலுக்கும் ஏற்றது என்று போட்டிருந்த, மேலே துணிப்பின்னல் சுற்றிய குழாயை வாங்கி, புதிய கிளிப்புகளோடு மாற்றினேன். நீங்கள் அனுப்பியதில் நான் பொருத்திய ஒரே உதிரிபாகம், கண்ணாடி ரப்பரைத் தவிர, இதுதான். மூன்று மாதம் கழித்து, வண்டி முட்டுகளின் மேல் நிற்கும்போதே எஞ்சினை ஐந்து நிமிடம் ஓடவிட்டேன். கொட்டகை முழுவதும் பெட்ரோல் வாடை. அணைத்துவிட்டுப் பார்த்தால், கார்புரேட்டருக்குப் போகும் குழாயின் பின்னல் நனைந்திருந்தது. கழற்றி வளைத்தபோது, உள்ளே ரப்பர் காய்ந்த வயல்போல வெடித்திருந்தது. துணி மூடியிருந்ததால் வெளியிலிருந்து பார்த்தால் புதுக்குழாய்தான். என் கிளிப் தளர்ந்ததால் கசிந்தது என்று நீங்கள் சொல்லக்கூடும் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: வெடிப்பு கிளிப் இருந்த முனையில் இல்லை, குழாயின் நடுவில் இருக்கிறது.

இந்த வண்டியில் எஞ்சின் பின்னால் ஒரு சிறிய அறைக்குள் இருக்கிறது. பெட்ரோல் தொட்டிக்கும் அதற்கும் நடுவே ஒரு தகடுதான். எஞ்சினின் வெளிக்கூடான கிராங்க்கேஸ் மக்னீசியக் கலவை. பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றி அணைக்கக்கூடிய பொருளல்ல. ஓட்டுபவர் முன்னால் உட்கார்ந்திருப்பார். பின்னால் சொட்டுவது அவருக்குத் தெரியாது. எத்தனாலைத் தாங்கும் குழாயில் எஸ்ஏஇ ஜே30 ஆர்9 போன்ற தரக்குறி அச்சிட்டிருக்கும். நீங்கள் விற்ற குழாயில் முனையிலிருந்து முனைவரை தேடியும் ஓர் எழுத்துகூட இல்லை. இதை வாங்கும்போதே நான் பார்த்திருக்க வேண்டும் என்று நீங்கள் சொன்னால், ஒப்புக்கொள்கிறேன். விற்கும்போது நீங்களும் பார்த்திருக்க வேண்டும்.

எனக்கு வேண்டியவை இவை. 1971 மாடலுக்குரிய முன் பேடுகள், சேசிஸ் எண்ணைப் பார்த்து, பார்த்தவர் கையொப்பத்தோடு வர வேண்டும். முதல் பெட்டிக்கும் குழாய்க்கும் முழுப் பணமும், அவற்றின் அனுப்புச் செலவும் திரும்ப வேண்டும். தவறான இரண்டு பெட்டிகளையும் உங்கள் செலவில் எடுத்துப் போக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தக் குழாயை உங்களிடம் வாங்கிய ஒவ்வொருவருக்கும் உடனே கடிதமோ அழைப்போ போக வேண்டும். என் பணம் ஒரு மாதம் தாமதமானாலும் பொறுத்துக்கொள்வேன். இது ஒரு நாளும் தாமதமாகக் கூடாது. அவர்களில் சிலர் ஏற்கெனவே வண்டியைச் சாலையில் இறக்கியிருப்பார்கள்.

குழாயை இரண்டாக வெட்டி, ஒரு துண்டை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். விரலால் வளைத்துப் பாருங்கள். மறு துண்டு, ரசீதுகள், பேடு பெட்டியின் மேலுள்ள அச்சின் புகைப்படம், அழைப்புகளின் தேதிக் குறிப்பு ஆகியவை என்னிடம் இருக்கின்றன. 15 நாளுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் அவற்றோடு நுகர்வோர் குறைதீர்ப்பு அமைப்பிடம் போவேன்.

பதிலைத் தொலைபேசியில் சொல்ல வேண்டாம். தொலைபேசியில் கேட்ட ஆலோசனைகளே எனக்குப் போதும்.

இப்படிக்கு,
முன்சக்கரங்கள் இல்லாமல் முட்டுகளின் மேல் நிற்கும் வண்டியின் உரிமையாளர்