அளவு நோட்டைத் திருப்பிக் காட்டிய அக்காவுக்கும் மற்றவர்களுக்கும்

எல்லோருக்கும் வணக்கம்.

யாருக்கு முதல் நன்றி என்று யோசித்தால், மார்த்தாண்டம் சந்தைப் பக்கம் தையல் கடை வைத்திருக்கும் அக்காவின் முகம்தான் வருகிறது. மகளின் யூனிஃபார்மை மூன்று மாதத்தில் இரண்டாம் தடவையாகப் பிடிக்கக் கொண்டுபோயிருந்தேன். அவர் அளவு நோட்டை என் பக்கம் திருப்பி வைத்தார். இடுப்பளவு இரண்டு தடவை அடித்து எழுதப்பட்டிருந்தது. "வளருற பிள்ளைக்கு அளவு கூடத்தான செய்யும்? கொறையுது பாருங்க" என்றார். அதுவரை நான், பிள்ளை தவக்காலத்துக்கு ஒருசந்தி இருக்கிறாள் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தவள். ஈஸ்டர் முடிந்து ஒரு மாதமாகியும் அவளுடைய நோன்பு முடியவில்லை என்பது அங்கேதான் உறைத்தது.

மாதவிலக்கு நின்றுபோனதற்கு ஓர் இடத்தில் 'பரீட்சை டென்ஷன்' என்று டானிக் எழுதிக் கொடுத்தார்கள். சரி, அதை விடுங்கள். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நாடித்துடிப்பு மிகவும் குறைந்திருப்பதைப் பார்த்து உடனே சேர்த்துக்கொண்டார்கள். எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் சாப்பாட்டையே ஒதுக்க வைக்கும் நோயாம், அனோரெக்சியா. அந்தச் சொல்லை அன்றைக்குத்தான் கேட்டேன். வீட்டிலிருந்து நான் தூக்குவாளி நிறையக் கொண்டுபோன சோற்றைத் தடுத்த டாக்டருக்கு நன்றி. நெடுநாள் பட்டினி கிடந்த உடம்புக்குத் திடீரென்று நிறையக் கொடுத்தால் ரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து இதயத்துக்கே ஆபத்தாகுமாம். ரத்தம் பார்த்துப் பார்த்துத்தான் கூட்டினார்கள். சாப்பிட்ட கையோடு மகள் எழுந்து போய்விடாமலிருக்க, தினமும் அரைமணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து தாயம் ஆடிய நர்ஸ் தங்கச்சி, நீ வேண்டுமென்றே தோற்றாய் என்று எனக்குத் தெரியும். ஓட்ஸ், சியா விதை என்று நான் எழுதி வைத்திருந்த பட்டியலைக் கிழித்துப் போட்டுவிட்டு மரச்சீனிக்கிழங்கு, சாளைக் குழம்பு, ஏத்தம்பழம் என்று எழுதித் தந்த உணவியல் மேடத்துக்கும் நன்றி.

அப்புறம்தான் இப்படிப்பட்ட உணவுக் கோளாறுகளைப் பற்றிப் பேசப் பள்ளிகளுக்குப் போகலாம் என்ற எண்ணம் வந்தது. கல்குளம், விளவங்கோடு பக்கம் இரண்டு வருடமாகப் போய்வருகிறோம். ஆரம்பத்தில் எலும்பும் தோலுமான ஒரு பெண்ணின் படத்தைப் பெரிய பேனராக அடிக்க நினைத்தேன். எங்களோடு வந்த மனநல ஆலோசகர் விடவில்லை. "இதப் பாத்துட்டு, நான் இன்னும் இவ்வளவு மெலியலயேன்னு நினைக்கிற பிள்ளைங்க இருக்காங்க" என்றார். வாந்தி எடுக்கும் விதங்களை விளக்கிப் பயமுறுத்துவதும் கூடாதாம், அது சொல்லிக்கொடுப்பது போல ஆகிவிடும். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. இப்போது இதைப் படித்துச் சிரிப்பார்.

உணவுக் கோளாறு இருக்குமோ என்று பார்க்க 1999-ல் லண்டன் மருத்துவர்கள் வெளியிட்ட 'ஸ்காஃப்' என்ற ஐந்து கேள்விகளைத் தமிழில் ஆக்கினோம். இரண்டுக்கு 'ஆமா' வந்தாலே அடுத்த கட்டமாக டாக்டரைப் பார்க்கச் சொல்ல வேண்டும். நோய் இதுதான் என்று அந்தக் கேள்விகளே முடிவு செய்துவிடாது. 'உணவு உங்கள் வாழ்வை ஆதிக்கம் செலுத்துகிறதா?' என்று நான் எழுதியிருந்ததை வாசித்த ஒரு சத்துணவு அமைப்பாளர், "இது என்ன, மேடைப் பேச்சா?" என்று கேட்டுவிட்டு, 'நாள் முழுக்கச் சாப்பாட்டு நினைப்பாவே இருக்கா?' என்று மாற்றினார். அன்றிலிருந்து பிள்ளைகள் பதில் சொல்கிறார்கள்.

வகுப்பு நடுவில் எடை பார்த்துச் சத்தமாக வாசிக்கும் வழக்கத்தை நிறுத்திய தலைமை ஆசிரியைக்கு நன்றி. பாதிக்கப்படும் பிள்ளைகளில் ஒல்லியாக இல்லாதவர்களும் நிறைய உண்டு என்று சொன்னதும், அடிக்கடி வாந்தி எடுப்பதால் முன்பற்களின் உட்பக்கம் அரிக்கப்பட்டதுபோல் தெரிந்தால் தனியே கூப்பிட்டுப் பேச ஆரம்பித்த தக்கலை பல் மருத்துவருக்கும் நன்றி. ஆண்பிள்ளைகளுக்கும் வரும் என்று நாங்கள் சொன்னதை முதலில் நம்பாமல், பிறகு தன் கால்பந்துப் பையன் ஒருவனைத் தானே பைக்கில் கூட்டிவந்த கடற்கரை ஊர் பி.டி. சாருக்கும்தான். இடம் கொடுத்த சர்ச்சுக்கும் கோவில் கமிட்டிக்கும் நன்றி, மைக் செட்டுக்குக் காசு வாங்காத தம்பிக்கும். ராத்திரி நேரத்தில் பதறும் வீடுகளுக்கு நாங்கள் கொடுப்பது அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416. 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

மகள் இன்னும் முழுக்கத் தேறவில்லை. சில நாள் தட்டைப் பார்த்து அழுகிறாள், சில நாள் எனக்கு முன்பே சாப்பிட்டு முடிக்கிறாள். இந்த மடலை அனுப்புவதற்கு முன் அவளிடம் வாசித்துக் காட்டினேன். அந்த அளவு நோட்டில் இருந்த மூன்று எண்களையும் முதலில் எழுதியிருந்தேன். "அம்மா, நம்பர எடு. எவளாவது டேப் வச்சு அளந்து பாப்பா" என்றாள்.

எடுத்துவிட்டேன்.

அன்புடன்,
மார்த்தாண்டத்திலிருந்து ஓர் அம்மா