தம்பிக்கு, அந்த மூலை மேசையைப் பற்றி

தம்பி,

நேற்று குடும்ப வாட்ஸ்அப்பில் உன் பல்கலைக்கழக ஆஃபர் லெட்டரைப் பார்த்தேன். சின்னம்மா கைகூப்பும் படம் போட்டார், மாமா கேக் படம் போட்டார். நான் எதுவும் போடவில்லை. அம்மா உடனே போன் அடித்து, "அவனுக்கு ஒரு வார்த்தை எழுதேன்டி" என்றார். என்ன எழுதுவது என்று யோசித்து யோசித்தே ராத்திரி பதினொரு மணி ஆகிவிட்டது. அப்புறம் நீ எனக்குத் தனியாக அனுப்பியது வந்தது. "திங்கட்கிழமை பதிவுக்கு நானே போய்க்கொள்கிறேன். நீ வர வேண்டாம்."

சரி. வரமாட்டேன்.

ஆனால் உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது. வாட்ஸ்அப்பில் நான் நீளமாக எழுதினால் நீ திறப்பதே இல்லை. இந்த வலைப்பூவில் எழுதுவதை மட்டும் போனை வாசிக்கவைத்துக் கேட்கிறாய் என்று அத்தை மகள் சொன்னாள். அதனால்தான் இங்கே எழுதுகிறேன். நாலு பேர் படிப்பார்கள் என்று தெரியும்.

உன் கண்குறையைப் பதிய டாக்டர் எழுதிக்கொடுத்த ஃபாரத்தைப் பற்றி எழுதப்போவதில்லை. அது எந்த அலமாரியில் இருந்தது, நீ எப்படிக் கண்டெடுத்தாய் என்பதெல்லாம் நமக்குத் தெரிந்தது. அதைப் பற்றிப் பேச வேண்டியதையும் பேசிவிட்டோம், பேசக் கூடாததையும் பேசிவிட்டோம். தைப்பூசத்தன்று தண்ணீர்ப்பந்தலில் சொந்தக்காரர்கள் முன்னால் நீ சொன்னதையும் இங்கே கொண்டுவரமாட்டேன்.

இது வேறு. இதை இந்தப் பன்னிரண்டு வருடத்தில் நான் யாரிடமும் சொன்னதில்லை.

2013 செப்டம்பர். நீ முதல் தடவை பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது, பதிவுக்காகப் பினாங்கு சுங்கை நிபோங்கில் ராத்திரி பஸ் ஏறினோம். வழியில் பஸ் நின்றபோது எல்லாரும் இறங்கினார்கள், நீ இறங்கவில்லை. "வரலையா?" என்றேன். "வேண்டாம்கா" என்றாய். இருட்டில் உனக்குப் படி தெரியாது. அது எனக்குத் தெரியும் என்பதும் உனக்குத் தெரியும். இரண்டு பேருமே வாய் திறக்கவில்லை. நம் வீட்டுப் பழக்கம் அதுதானே. அம்மா பொன்னாங்கண்ணி கடைந்து போட்டார், கேரட் அரைத்துக் கொடுத்தார், குவீன் ஸ்திரீட் மாரியம்மனுக்கு வெள்ளியில் கண்மலர் வாங்கிச் சாத்தினார். கேட்டவர்களிடம் மாலைக்கண் என்று சொல்லிவைத்தோம். ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா, விழித்திரை மெல்லக் கெட்டுப் பார்வை சுருங்கும் நோய், என்று ஆஸ்பத்திரியில் சொன்ன பெயரை அம்மா இன்றுவரை வாயால் சொன்னதில்லை. கண் டாக்டர் அட்டையில் கடைசி வரிவரை நீ படித்துவிடுவாய். அதை வைத்தே, "இவனுக்கு என்ன குறை?" என்று எல்லாரையும் சமாளித்துவிட்டோம். அட்டையில் எழுத்து தெரிவது மட்டும் கணக்கில்லை, பார்வைப் பரப்பு 20 டிகிரிக்குக் கீழே போனாலே குறைபார்வை என்று பதிந்து ஓகேயூ கார்டு, அதாவது மாற்றுத்திறனாளி அட்டை, தருவார்கள் என்று டாக்டர் எனக்கு விளக்கிச் சொன்னார். நான் தலையாட்டிவிட்டு வந்தேன். மூங்கில் குழாய் வழியாகப் பார்ப்பது மாதிரி இருக்கும் என்று நீ ஒரு தடவை சொன்னாயே, அதுதான் அந்த 20 டிகிரி.

பதிவு நடந்த அந்த மண்டபத்தை எடுத்துக்கொள். ஏர்கான் குளிர் எலும்பில் ஏறியது. வரிசையாக மேசைகள், ஒவ்வொன்றின் மேலும் ஓர் எண். மூன்றாவது மேசையில் உடல்நல ஃபாரம். நீலத் துடோங் தலைத்துணி அணிந்த சின்னப் பெண் ஒருத்தி, "ஆடா மசாலாஹ் கெசிஹாத்தான்?" என்று, உடம்புக்கு ஏதாவது பிரச்சினை உண்டா என்று, மலாயில் உன்னைப் பார்த்துத்தான் கேட்டாள். நீ வாயைத் திறந்தாய். என்ன சொல்ல வந்தாய் என்று இன்றுவரை நான் கேட்டதில்லை. அதற்குள் நான் முந்திக்கொண்டு, "தியாடா" என்றேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை என்று.

இதுவரைக்கும் உனக்குத் தெரியும்.

அப்புறம் அவள் கையெழுத்துப் போடச் சொன்னாள். "சினி", இங்கே, என்று விரலால் இடத்தைக் காட்டினாள். உனக்கு அந்த விரல் அகப்படவில்லை. தலை மெதுவாக இடமிருந்து வலம் போய்த் திரும்பி வந்தது. சுண்டுவிரல் தாளின் ஓரத்தைத் தடவிக்கொண்டு போனது, மேல் மூலை, பக்கவாட்டு, கீழ் மூலை. பேனா மூடியை நீ இன்னும் கழற்றவில்லை. பின்னால் வரிசையில் யாரோ செருமினார்கள். நான் உன் ஆள்காட்டி விரலை எடுத்துக் கோட்டின்மேல் வைத்தேன். நீ கையெழுத்துப் போட்டாய். கோட்டிலிருந்து ஒரு விரற்கடை மேலே தள்ளி விழுந்தது.

அவள் அந்தக் கையெழுத்தைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். "பெத்துல் தியாடா, காக்?" நிஜமாகவே ஒன்றும் இல்லையா அக்கா என்று, பக்கத்தில் யாருக்கும் கேட்காதபடி குரலைத் தாழ்த்திக் கேட்டாள். கேட்டுக்கொண்டே மண்டபத்தின் இடது மூலையைக் கண்ணால் காட்டினாள்.

அங்கே ஒரு மேசை இருந்தது, தம்பி.

நீ பார்த்திருக்க முடியாது. நான் பார்த்தேன். சுவரில் ஒட்டிய தாளில் ஓகேயூ என்று பெரிய எழுத்து. சக்கர நாற்காலியில் ஒரு பையன், பக்கத்தில் அவன் அப்பா. எதிரே உட்கார்ந்திருந்த அதிகாரி ஏதோ சொல்ல, மூன்று பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்த அப்பா சிரித்ததுதான் எனக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. இன்னொரு நாற்காலி காலியாக இருந்தது. நாம் நின்ற இடத்திலிருந்து இருபது அடிகூட இருக்காது.

"பெத்துல்" என்று சொல்லிவிட்டு உன் முழங்கையைப் பிடித்து வலது பக்கம் திருப்பினேன். சிரிப்புச் சத்தம் வந்த பக்கம் நீ தலையைத் திருப்பி, "அங்க என்னக்கா?" என்று கேட்டாய். "ஏதோ கிளப்புக்கு ஆள் சேர்க்குறாங்க" என்றேன்.

என்னை மன்னித்துவிடு.

இதை எழுதிய கையோடு காரணம் சொல்லவும் தோன்றுகிறது. சொல்லிவிடுகிறேன். அப்பா போய் ஒரு வருடம்கூட ஆகவில்லை. எனக்கு 26 வயது. அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும் யூபியூ பட்டியலில் சில படிப்புகளுக்குப் பக்கத்தில், செய்முறை வேலைக்குத் தடையாகும் உடற்குறை இருக்கக் கூடாது என்று நிபந்தனை போட்டிருப்பார்கள். விண்ணப்பம் நிரப்பும்போது அதைப் படித்து மிரண்டுபோயிருந்தேன். உன் படிப்புக்கு அந்த நிபந்தனை இருக்கிறதா என்றுகூடத் தேடிப் பார்க்கவில்லை. பார்த்து, இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம். கிடைத்த இடம் கையைவிட்டுப் போய்விடும், ஆஃபர் லெட்டரைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள் என்றெல்லாம் நினைத்தேன். அது உண்மையான பயம்தான். பொய் சொல்லவில்லை.

அது மட்டும் காரணமா என்று நீ கேட்பாய். அந்த வருடம் நம் வீட்டில் வேறொரு பேச்சும் நடந்துகொண்டிருந்தது. அதில் இரண்டு குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களும் இதைப் படிப்பார்கள். நல்ல மனிதர்கள், என்னிடம் ஒருநாளும் ஒன்றும் கேட்டதில்லை. இது பரம்பரையாக வருமா என்று கேட்டுவிடுவார்களோ என்று நாங்கள்தான் பயந்தோம். இதற்கு மேல் இங்கே எழுதுவது முறையில்லை. போன் பண்ணு, முழுதாகச் சொல்கிறேன்.

அந்த நாற்காலியில் நீ உட்கார்ந்திருந்தால் என்னவெல்லாம் கேட்டிருக்கலாம் என்பதை நீ வீட்டுக்குத் திரும்பிய பிறகுதான் ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டேன். சமூக நலத்துறையில் பதிந்து கார்டு எடுத்திருந்தால் உயர்கல்வி மாணவர்களுக்கான அரசின் உதவிப்பணத்துக்கு மனுப் போட்டிருக்கலாம். கைச்செலவுக்கு மாதம் 300 ரிங்கிட், கட்டணத்தையும் சேர்த்து வருடத்துக்கு 5,000 வரை. நீயோ அம்மாவிடம் காசு கேட்கக் கூடாது என்று மதியச் சாப்பாட்டை விட்டுக்கொண்டிருந்தாய். மூன்றாவது மாடி அறைக்குப் பதிலாகக் கீழ்த்தளத்தில் ஒன்று. தேர்வில் கூடுதல் நேரம். குழாய் வழியாக ஒரு வரியைப் படித்து முடித்து அடுத்த வரி எங்கே தொடங்குகிறது என்று தேடுகிறவனுக்கு மற்றவர்களுக்குக் கொடுக்கிற நேரம் எப்படிப் போதும்? உனக்கு விடை தெரியாமல் இல்லை. கேள்வித்தாளின் கடைசிப் பக்கத்துக்கு நீ போய்ச் சேரவே இல்லை.

2008லேயே மாற்றுத்திறனாளிகளுக்கான சட்டம் வந்துவிட்டது, 685-ஆம் சட்டம். கல்விக்கூடங்கள் கட்டடத்திலும் பாடக் கருவிகளிலும் கற்பிக்கும் முறையிலும் தேவையான வசதி செய்துதர வேண்டும் என்று அதன் 28-வது பிரிவு சொல்கிறது. மீறினால் தண்டனை என்று அதில் ஒன்றும் இல்லை என்று கோபப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கோபம் நியாயம்தான். என்னால் அந்தக் கோபத்தில் சேர முடியாது. நம் விஷயத்தில் கேட்டு யாரும் மறுக்கவில்லை. ஒரு பெண் இரண்டு தடவை கேட்டாள். மறுத்தது நான்.

ஆனால் நீ?

வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை போன் பேசினேன். "எப்படிடா இருக்கே?" "நல்லா இருக்கேன்கா." ராத்திரி எட்டு மணிக்கு வகுப்பு முடிந்து, முன்னால் போகிறவர்களின் காலடிச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு ஹாஸ்டலுக்கு நடந்தாயாம். ஒருநாள் அவர்கள் வேறு பக்கம் திரும்பிவிட்டார்கள், நீ லோங்காங் சாக்கடையில் விழுந்தாய், முழங்காலுக்குக் கீழே ஏழு தையல். எங்களிடம் ஃபுட்சல் ஆடி அடிபட்டது என்றாய். இருட்டின பிறகு நீ எங்கே ஃபுட்சல் ஆடினாய் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை என்று கேட்டுக்கேட்டு என்னையே அறுத்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் நீ சொல்லியிருக்கலாம், தம்பி. உனக்கு 20 வயது. மூன்றாவது செமஸ்டர் பாதியில் பையோடு வாசலில் வந்து நின்று, "எல்லாம் உன்னாலதான்" என்று ஒரே வாக்கியத்தில் முழுதையும் என் தலையில் கட்டினாய். மண்டபத்தில் உனக்கும் வாய் இருந்தது. அவள் இரண்டாவது தடவை கேட்டது உன் காதிலும் விழுந்திருக்கும். உனக்குக் கண்ணில்தானே குறை.

இதை அழிக்கலாமா என்று பார்த்தேன். அழிக்கவில்லை. உள்ளே இருப்பதை நீ தெரிந்துகொள்வதுதான் சரி. ஆனால் அதோடு இதையும் தெரிந்துகொள்: கண்ணைப் பற்றி வெளியே பேசாதே என்று உனக்கு ஏழு வயதிலிருந்து சொல்லிச் சொல்லி வளர்த்தவர்கள் நாங்கள். அந்த மேசை முன்னால் நீ வாயைத் திறந்ததே பெரிது.

பாகான் ஜெர்மால் சாலையில் செயின்ட் நிக்கோலஸ் இல்லத்துக்கு நீ கைத்தடிப் பயிற்சிக்குப் போய்வந்த நாட்கள் ஞாபகம் வருகின்றன. ஒரு சாயங்காலம் கொம்தாரில் நீ பஸ்ஸிலிருந்து இறங்கியதும் உனக்குத் தெரியாமல் பின்னாலேயே நடந்தேன். வெள்ளைத்தடி நடைபாதையின் விளிம்பைத் தட்டித் தட்டிப் போனது. நெருங்கி நிறுத்தியிருந்த மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவில் நீ ஒன்றிலும் இடிக்காமல் போவதைப் பார்த்து எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. சாலையைக் கடக்கும் இடத்தில் நின்றாய். திரும்பாமலே, "செருப்பு தேஞ்சுபோச்சுக்கா, மாத்து" என்றாய். அன்று வீடு வரைக்கும் நாம் ஒன்றாக நடந்தோம். அதற்கப்புறம் அப்படி நடக்கவில்லை.

குழுவில் நீ போட்ட குரல் பதிவை நாலு தடவை கேட்டேன். பல்கலைக்கழகத்து ஓகேயூ பிரிவுக்கு நீயே போன் பண்ணியிருக்கிறாய். கீழ்த்தள அறை கேட்டிருக்கிறாய். பாடக் குறிப்புகளை வகுப்புக்கு முன்னாலேயே கணினிக் கோப்பாக அனுப்பச் சொல்லியிருக்கிறாய், தேர்வில் கூடுதல் நேரம் எழுத்தில் வேண்டும் என்றிருக்கிறாய். பாடம் தொடங்குவதற்கு முந்தின வாரமே வந்து ஹாஸ்டலிலிருந்து வகுப்புவரை தடியோடு நடந்து பழக வேண்டும் என்றும் கேட்டிருக்கிறாய். எனக்கு இதில் ஒன்றுகூடத் தோன்றியிருக்காது. கோலாலம்பூரில் வாடகை அறை தேடித் தரட்டுமா என்றுதான் கேட்டிருப்பேன். அந்தப் பதிவில் உன் குரல் அப்பா குரல் மாதிரி இருந்தது. அம்மாவும் அதையே சொன்னார்.

பழைய கண் ரிப்போர்ட்டுகளை அந்தப் பிரிவில் கேட்டால் கொடுக்க உன்னிடம் எதுவும் இருக்காது. எல்லாம் என் ஃபைலில்தான் இருந்தன. 2013 மார்ச் மாதப் பரிசோதனை, டாக்டர் நிரப்பிய அந்த ஃபாரம், அப்புறம் வந்த மூன்று பரிசோதனைகள். இன்று காலையில் எல்லாவற்றையும் போஸ் லாஜூவில் உன் பெயருக்கு அனுப்பிவிட்டேன். நகல் எதுவும் எடுத்துவைத்துக்கொள்ளவில்லை, அசல் முழுதும் உன்னிடமே வருகிறது. சனிக்கிழமைக்குள் வந்துவிடும் என்றார்கள். ஃபாரத்தின் இடது மேல் மூலையில் ஸ்டேப்ளர் ஊசி துருப்பிடித்துக் கிளம்பி நிற்கிறது. விரல் பத்திரம்.

அக்கா