27.8 பாகை யாருடைய சூடு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். லினக்ஸ் கணினியில் பிராசஸரின் சூட்டை அறிய, 'தெர்மல் ஜோன் 0' என்ற கோப்புறையில் உள்ள எண்ணை ஆயிரத்தால் வகுத்தால் போதும் என்று தங்கள் நாளிதழின் கணினிப் பக்கத்தில் எழுதியிருந்தார்கள். வகுக்கச் சொன்னது சரிதான். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் சூட்டை மில்லி பாகையில் (பாகையில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தருவதால் 47000 என்றிருந்தால் 47 பாகை செல்சியஸ் என்று பொருள். ஆனால் அந்த எண் பிராசஸருடையதுதானா என்று முதலில் பார்க்கச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். அதைப் பார்க்காமல் இருந்து பட்டவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

ரங்கூனில் கோயிலையொட்டி நாங்கள் நடத்தும் தமிழ் வகுப்பில் பழைய இன்டெல் கணினிகள் மூன்று உள்ளன. மெமரி குறைவு என்பதால், வேண்டாதவற்றையெல்லாம் நீக்கிக் கெர்னலை மூல நிரலிலிருந்து நானே கம்பைல் செய்து (இயங்கும் வடிவுக்கு மாற்றி) போட்டிருந்தேன். சித்திரை வெயில் தொடங்கியதும் அவற்றில் ஒன்று, பிள்ளைகள் தட்டச்சுப் பழகிக்கொண்டிருக்கும்போதே பட்டென்று அணையத் தொடங்கியது. மின்வெட்டுக்குப் பழகிய ஊர் ஆகையால் முதலில் கரண்டைத்தான் சந்தேகித்தோம். ஆனால் தலைக்கு மேல் மின்விசிறி நிற்காமல் சுற்றிக்கொண்டிருந்தது. பழுது பார்க்க வந்தவர், கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மாற்றிப் பணம் வாங்கிக்கொண்டு போனார். மறுநாளும் கணினி அணைந்தது. சூடாக இருக்குமோ என்று அதே 'தெர்மல் ஜோன் 0' எண்ணைப் பார்த்தால் திரையில் 27.8 பாகை. ஒரு வாரமும் அதே 27.8. "அறையே 37 பாகை இருக்குதே ஐயா, பெட்டிக்குள்ள மட்டும் எப்படிக் குளிரும்?" என்று, சுவரில் தொங்கிய வெப்பமானியைக் காட்டி ஒரு மாணவன் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது.

அந்தக் கோப்புறையிலேயே 'டைப்' என்றொரு கோப்பு இருக்கிறது. அதைத் திறந்தால் 'ஏசிபிஐடிஇசட்' என்றிருந்தது. அதாவது அந்த எண் பிராசஸரிலிருந்து வரவில்லை. மதர்போர்டில் பதிந்துள்ள அடிப்படை மென்பொருளான பயாஸ், ஏசிபிஐ (பயாஸ் கெர்னலுக்கு வன்பொருள் விவரம் சொல்லும் முறை) வழியாகச் சொல்லும் எண் அது. சில போர்டுகளில் அது என்றுமே மாறாத எண்ணாக இருந்துவிடும். இன்டெல் கோர்களின் உள்ளே இருக்கும் உணரியைப் படிப்பது 'கோர்டெம்ப்' என்ற டிரைவர் (வன்பொருளோடு கெர்னல் பேச உதவும் நிரல்). கெர்னல் அமைப்பில் 'ஹார்டுவேர் மானிட்டரிங்' பகுதியில் அதை நான்தான் வேண்டாததென்று நீக்கியிருந்தேன். அதை மாட்யூலாக (வேண்டும்போது ஏற்றிக்கொள்ளும் தனித் துண்டாக)ச் சேர்த்து மறுபடி கம்பைல் செய்து ஏற்றியதும், 'சென்சார்ஸ்' கட்டளை 96 பாகை என்று காட்டியது. பெட்டியைத் திறந்தால், பிராசஸரின் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்கின் இடுக்குகளில் தூசி கம்பளிபோல் படிந்திருந்தது. இரண்டுக்கும் நடுவே தடவும் தெர்மல் பேஸ்ட் காய்ந்த சுண்ணாம்பாய் உதிர்ந்தது. சுத்தம் செய்து புதிய பேஸ்ட் தடவிய பின் அதே வேலைக்கு 63 பாகையைத் தாண்டவில்லை. எஸ்.எம்.பி.எஸ். மாற்றிய பணம் போனது போனதுதான்.

கெர்னலைத் தாமே கம்பைல் செய்யாத வாசகர்களுக்கு இவ்வளவு வேலை இருக்காது. உபுண்டு, டெபியன் போன்றவற்றில் இந்த டிரைவர் மாட்யூலாகக் கூடவே வருகிறது. ஏறாமலிருந்தால் 'மோட்புரோப்' கட்டளையால் ஏற்றிக்கொள்ளலாம். ஏஎம்டி பிராசஸருக்கு 'கே10டெம்ப்'. அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு: அது தரும் 'டிசிடிஎல்' என்பது விசிறியின் வேகத்தைக் கட்டுப்படுத்துவதற்கான அளவு, ரைசன் 1700எக்ஸ், 1800எக்ஸ் போன்றவற்றில் அது உண்மைச் சூட்டைவிட 20 பாகை கூடுதலாக இருக்கும். கோர்டெம்பும் சூட்டை நேராக அளப்பதில்லை; பிராசஸர் தாங்கும் உச்ச வரம்புக்கு இன்னும் எத்தனை பாகை மிச்சம் என்பதை வாங்கிக் கழித்துச் சொல்கிறது. அந்த வரம்பைத் தவறாக ஊகித்தால் விடையும் அதே அளவு தவறும்.

இன்னொன்று. இந்த டிரைவர்கள் தரும் அளவுகள் இருக்கும் 'ஹெச்டபிள்யூமான் 0', 'ஹெச்டபிள்யூமான் 1' என்ற கோப்புறைகளின் வரிசை ஒவ்வொரு முறை கணினியை இயக்கும்போதும் மாறக்கூடும். ஆகவே எண்ணை நம்பி ஸ்கிரிப்ட் எழுதாமல், உள்ளே உள்ள 'நேம்' கோப்பைப் படித்துப் பெயரைச் சரிபார்ப்பதே முறை.

அடுத்த கணினிப் பக்கத்தில் 'டைப்', 'நேம்' ஆகிய இரண்டு கோப்புகளையும் பார்க்கச் சொல்லி ஒரு திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
ரங்கூன்.