யாங்கோன் ஐயாவுக்கு நன்றி

2014 டிசம்பர். நானும் என் மனைவியும் முதுகுப்பையோடு பர்மாவைச் சுற்றினோம். இரவுப் பேருந்தில் தூங்கி அறை வாடகையை மிச்சம் பிடித்தோம். காலையில் தெருவோரக் கடையில் மொஹிங்கா என்ற மீன்குழம்பு நூடுல்ஸ், ஊர் பார்க்க யாங்கோனைச் சுற்றி வரும் வட்ட ரயில். சேர்த்ததெல்லாம் ஒரே ஆசைக்காக: கிறிஸ்துமஸ் இரவு, ஹோட்டல் அதிபர்களான சார்க்கீஸ் சகோதரர்கள் 1901-இல் யாங்கோனில் திறந்த ஸ்ட்ராண்ட் ஹோட்டலில் தங்க வேண்டும்.

அந்த நாட்களில் அங்கே மடிப்பு விழுந்த டாலரைத் தொடவே தயங்குவார்கள். எங்கள் நோட்டுகளோ இடுப்புப்பையில் கசங்கிக் கிடந்தன. பணம் மாற்றும் கடைகளில் கையை விரித்துவிட்டார்கள். அனோரட்டா சாலை காளி கோயில் வாசலில் நாங்கள் பேசிக்கொண்டது உங்கள் காதில் விழுந்திருக்கிறது. "தமிழ்ப் பிள்ளைகளா? எங்கேருந்து வர்றீங்க?" என்றீர்கள். வீட்டுக்குக் கூட்டிப்போய், கணக்குப் புத்தகத்துக்குள் விறைப்பாக வைத்திருந்த புது நோட்டுகளைத் தந்து எங்களுடையதை வாங்கிக்கொண்டீர்கள். கமிஷன் என்று ஒரு சல்லிக்காசு இல்லை. அப்புறம், சாப்பிடாமல் கிளம்ப அம்மா விடவில்லை.

கிறிஸ்துமஸ் இரவு ஸ்ட்ராண்டில் தேக்குத் தரை, மெதுவாகச் சுற்றும் விசிறி, வெள்ளைத் துணி விரித்த மேசையில் விருந்து. அன்று என் மனைவி சிரித்த சிரிப்பு உங்களால் வந்தது. பெயர் கேட்டபோது, "அதெல்லாம் எதுக்குப்பா" என்று அனுப்பிவிட்டீர்கள். ஐயா, நீங்களும் அம்மாவும் நல்லா இருக்கணும். மனமார்ந்த நன்றி.