பொருள்: ஒரே சிஐபி யூனிட்டை (லைனைக் கழற்றாமலே உள்ளே கழுவும் கருவி) இரண்டு லைனுக்கும் ஒரே நேரத்தில் போட்டுத் தரும் உங்கள் பிளானிங் சாஃப்ட்வேர் பற்றிய புகார்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு மாம்பழக்கூழ் தொழிற்சாலையில் உற்பத்தியைப் பார்த்துக்கொள்கிறேன். போன், மெயில், டிக்கெட், வாட்ஸ்அப் எல்லாவற்றிலும் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் புது ஆள் பேசுகிறார், "பிரச்சினை என்ன சார்" என்று முதலிலிருந்து கேட்கிறார், குறித்துக்கொள்கிறார், அதோடு சரி. அதனால்தான் இப்போது எழுத்தில் தருகிறேன்.

சீசன் நடுவில் நீங்கள் போட்ட அப்டேட்டுக்கு அப்புறம் இரண்டு கோளாறு. சேஞ்ச்ஓவர் மேட்ரிக்ஸில் (ஒரு ரகத்திலிருந்து இன்னொரு ரகத்துக்கு மாறும்போது கழுவ ஆகும் நேரத்தின் அட்டவணை) நாங்கள் உட்கார்ந்து நிரப்பிய நேரமெல்லாம் அழிந்து, எந்தப் பேட்ச்சுக்குப் பின் எது வந்தாலும் கழுவ 45 நிமிடம் என்று வருகிறது. அல்போன்சா ரக மாம்பழம் முடிந்து பெங்களூரா ரகம் ஓட்டினால் தண்ணீர் விட்டு அலசினால் போதும். பெங்களூரா முடிந்து அல்போன்சா என்றால் முழுக் கழுவல் வேண்டும்: தண்ணீர், 80 டிகிரியில் காஸ்டிக், மறுபடி தண்ணீர், ஆசிட், மறுபடி தண்ணீர், பிஹெச் பேப்பரில் பார்த்துவிட்டு ஸ்டெரிலைசரைச் சூடேற்றி லைனைத் தயார் செய்ய வேண்டும். எவ்வளவு விரட்டினாலும் மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. இதை எப்படி 45 நிமிடத்தில் முடிப்பது?

இரண்டாவது, சிஐபி யூனிட்டின் கெபாசிட்டியில் (ஒரே நேரத்தில் எத்தனை லைனைக் கழுவலாம் என்ற கட்டம்) நாங்கள் போட்டிருந்த 1 காணாமல் போய்விட்டது. அந்தக் கட்டம் காலியாக இருந்தால் வரம்பே இல்லை என்று உங்கள் சாஃப்ட்வேர் எடுத்துக்கொள்கிறது, இது உங்களுக்குத் தெரியாதது இல்லை. மறுபடி 1 போட்டு சேவ் செய்தால் ராத்திரி பிளானை மறுபடி போடும் ரீபிளான் ஓடும்போது அதையும் துடைத்துவிடுகிறது. காலையில் பார்த்தால் இரண்டு லைனுக்கும் ஒரே நேரத்தில் சிஐபி.

இதை உங்கள் சப்போர்ட்டில் ஒருவரிடம் பொறுமையாகத்தான் சொன்னேன். அவர் சொன்ன பதில்: "சாஃப்ட்வேர்ல தப்பு இல்ல சார், ரெண்டு லைன் வச்சிருக்கீங்கல்ல, இன்னொரு சிஐபி வாங்கிப் போட்டுக்குங்க." நான் மேலே பேசுவதற்குள் போனை வைத்துவிட்டார். ஒரு யூனிட் என்ன விலை, டேங்க், பம்ப், ஹீட்டர், பைப்லைன், அதற்கு ஆவி கொடுக்க எங்கள் பாய்லரால் முடியுமா என்று அவருக்குத் தெரியுமா? இருபது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், இப்படி ஒரு பேச்சை யாரிடமும் வாங்கியதில்லை. அந்த அழைப்பு உங்கள் பதிவில் இருக்கும், தயவுசெய்து எடுத்துக் கேளுங்கள்.

அப்புறம் நேரில் வரச் சொன்னார்கள். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு, சீசன் நேரத்தில் ஷிப்டை விட்டுவிட்டு, ஓசூர் தாண்டி அத்திப்பள்ளி நெரிசலில் ஊர்ந்து உங்கள் பெங்களூரு அலுவலகத்துக்கு வந்தேன். வரவேற்பில் இருந்த பெண், இந்த மாட்யூலைப் பார்ப்பவர் இன்று வீட்டிலிருந்து வேலை செய்கிறார், டிக்கெட் போட்டுவிட்டுப் போங்கள் என்றார். டிக்கெட் ஏற்கனவே இருக்கிறது அம்மா என்று நம்பரைக் காட்டினேன். அது குளோஸ் ஆகிவிட்டது என்றார். யாரைக் கேட்டு குளோஸ் செய்தீர்கள்? வரச் சொன்னதே நீங்கள்தானே! மதியம் வரை அந்த சோபாவில் உட்கார்ந்திருந்தேன், ஒருவர்கூட வெளியே வந்து பேசவில்லை.

நான் அங்கே உட்கார்ந்திருந்த அதே நாள் இங்கே நடந்ததைக் கேளுங்கள். இரண்டாவது லைனில் பெங்களூரா முடிந்தது, பிளான்படி உடனே கழுவ வேண்டும், ஆனால் சிஐபி முதல் லைனில் ஓடிக்கொண்டிருந்தது. கூழ், பழத்தைக் கூழாக்கும் பல்ப்பரிலேயே காய்ந்துவிட்டது. 0.8 மில்லிமீட்டர் சல்லடை ஓட்டையெல்லாம் மஞ்சளாகப் பொருக்குத் தட்டி அடைத்துக்கொண்டது. பெண்கள் சல்லடையைக் கழற்றி பிரஷ்ஷும் வெந்நீரும் வைத்துத் தேய்த்தார்கள், விரல் நுனியெல்லாம் வெந்துபோனது. காஸ்டிக் இரண்டு தடவை விட வேண்டியதாயிற்று. அதற்குள் பழுக்க வைத்திருந்த அல்போன்சா கறுக்க ஆரம்பித்துவிட்டது. கேட்டுக்கு வெளியே போச்சம்பள்ளி, சந்தூர் பக்கத்திலிருந்து வந்த லோடு வண்டிகள் வரிசையில் நின்றன, விவசாயிகள் என்னைத்தான் திட்டினார்கள். லட்சக்கணக்கில் நஷ்டம், இந்த சீசனையே நாசம் செய்துவிட்டீர்கள் என்றுதான் சொல்வேன்.

இன்னொன்றை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். 45 நிமிடக் கணக்கை நம்பி ஒரு ஷிப்ட் இன்சார்ஜ் அரைகுறையாகக் கழுவி அல்போன்சா ஓட்டிவிட்டார். எங்கள் லேப்பிலேயே பிரிக்ஸ் (இனிப்பின் அளவு) 16 வர வேண்டியது குறைவாக வந்தது, நிறமும் வெளிறிப் போயிருந்தது. அந்த டிரம்களைத் தனியாக ஒதுக்கி வைத்திருக்கிறோம், வாங்குபவருக்கு இன்னும் பதில் சொல்ல முடியவில்லை.

உங்கள் மேல் எனக்குத் தனிப்பட்ட கோபம் எதுவும் இல்லை. போன சீசனில் இதே சாஃப்ட்வேர் நன்றாகத்தான் ஓடியது, அதைப் பக்கத்து ஆலைக்கும் நானே சிபாரிசு செய்தேன். அதனால்தான் இத்தனை வருத்தம். பழைய மேட்ரிக்ஸை உங்கள் பேக்அப்பிலிருந்து மீட்டுத் தாருங்கள். ரீபிளான் எங்கள் கெபாசிட்டியைத் தொடாதபடி சரிசெய்யுங்கள். விஷயம் தெரிந்த ஒருவரை இங்கே அனுப்புங்கள், ஒரு ராத்திரி ஷிப்ட் எங்களோடு நிற்கட்டும். போனில் அப்படிப் பேசியவர் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

இந்த வாரத்துக்குள் பதில் வராவிட்டால் ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்பு) பணத்தை நிறுத்திவிட்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்புவோம். ஒப்பந்தம், மெயில்கள், குளோஸ் செய்த டிக்கெட்டின் ஸ்கிரீன்ஷாட், லேப் ரிப்போர்ட் எல்லாம் கையில் இருக்கிறது. கூழ் ஆலைக்காரர்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்பவர்கள்தான், அதையும் நினைவில் வையுங்கள். பதிலை மெயிலில் அனுப்புங்கள், போனில் வேண்டாம்.

இப்படிக்கு,
உற்பத்தி மேலாளர்,
கிருஷ்ணகிரி மாவட்டம்