இறப்புச் சான்று எண் கேட்கும் அலுவலகத்துக்கு ஒரு திறந்த மடல்

போர்க்கால ஆவணங்களைப் பொறுப்பில் வைத்திருக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் பதில் கிடைத்தது. இது மூன்றாவது. என் தாத்தாவின் பெயரில் பதிவு எதுவும் இல்லை என்றும், இறப்புச் சான்றின் எண்ணை இணைத்து மீண்டும் விண்ணப்பிக்கலாம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அவர் எப்போது இறந்தார் என்பதைத்தான் ஐயா, நான் உங்களிடம் கேட்டிருந்தேன்.

இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய ராணுவம் நேச நாட்டுப் போர்க் கைதிகளையும் ஆசியத் தொழிலாளர்களையும் வைத்து சயாமிலிருந்து (தாய்லாந்து) பர்மாவுக்குப் போட்ட சயாம் மரண ரயிலைப் பற்றி உங்களுக்கு நான் பாடம் நடத்த வேண்டியதில்லை. 1943இல் மலாயாவின் பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்திலிருந்து, நாளுக்கு ஒரு வெள்ளி (டாலர்) சம்பளம், மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்று சொல்லி லாரியில் ஏற்றிப் போனவர்களில் அவரும் ஒருவர். அப்போது என் அப்பாவுக்கு ஆறு மாதம்.

1945 ஆகஸ்ட் 15 நண்பகலில் ஜப்பானியச் சக்கரவர்த்தி வானொலியில் பேசியதோடு போர் முடிந்தது என்கிறார்கள். மலாயாவில் பிரிட்டிஷ் படை வந்து இறங்கியபோது செப்டம்பர் ஆகிவிட்டது. அந்த இடைவெளியில் ஜப்பானிய ராணுவம் தன் காகிதங்களை எரித்தது. வந்தவர்கள், ஜப்பானியர் அச்சடித்த வாழை நோட்டு செல்லாது என்று அறிவித்தார்கள். தாத்தா கொடுத்துவிட்டுப் போன முன்பணம் பாட்டியின் தகரப் பெட்டியில் அப்படியே கிடந்தது. எங்கள் வீட்டில் போர் முடிந்தது இவ்வளவுதான்.

திரும்பி வந்த ஒவ்வொருவரிடமும் பாட்டி போய் விசாரித்தார். ஒருவர், காலரா முகாமில் அவரைப் பார்த்ததாகச் சொன்னார். இன்னொருவர், அது வேறு ஆள் என்றார். அந்த ‘வேறு ஆளை’ நம்பித்தான் பாட்டி கடைசிவரை தாலியைக் கழற்றவில்லை, குங்குமத்தை அழிக்கவில்லை. கல்யாண வீடுகளில் ஆரத்தி எடுக்க அவரைக் கூப்பிடவும் மாட்டார்கள், கூப்பிடாமல் விடவும் கூசுவார்கள். அது தெரிந்து, பந்தலுக்குள் வராமல் சமையல்கட்டிலேயே தேங்காய் துருவிக்கொண்டிருப்பார். அவர் இருந்தவரை அப்பா ஒரு தடவைகூட எள்ளும் தண்ணீரும் இறைக்கவில்லை. யாருக்கு என்று அவர் கேட்டுவிட்டால் என்ன பதில் சொல்வது? இப்போது மகாளய அமாவாசையில் இறைக்கிறார். திதி தெரியாதவர்களுக்கு அந்த நாள்தானே.

நான் கேட்பது அந்தத் தேதியை. தேதி இல்லாவிட்டால், எந்த முகாம் என்பதையாவது.

தாய்லாந்தில் அந்த ரயில் பாதையோரம் உள்ள காஞ்சனபுரிக்குப் போயிருக்கிறேன். போர்க் கைதிகளின் மயானத்தில் கிட்டத்தட்ட 7,000 கல்லறைகள். பெயர், படைப்பிரிவு, இறந்த தேதி எல்லாம் பொறித்து, புல்லை ஒட்ட வெட்டி வைத்திருக்கிறார்கள். பொறாமையாக இருந்தது. கல்லறையைப் பார்த்துப் பொறாமைப்படும் நிலை எவருக்கும் வரக்கூடாது. அந்த 415 கிலோமீட்டர் பாதையில் இறந்த கைதிகள் 12,000க்கும் மேல். ஆசியத் தொழிலாளர்கள்? 90,000 இருக்கலாம், கூடவும் இருக்கலாம். எங்கள் கணக்கு எப்போதும் ‘லாம்’ போட்டே முடிகிறது.

1951இல் சான் பிரான்சிஸ்கோவில் ஒப்பந்தம் எழுதினார்கள். சிறைப்பட்ட நேச நாட்டுப் படைவீரர்களுக்கு இழப்பீடு தர அதில் தனிப் பிரிவே இருந்தது. மண் சுமந்தவன் படைவீரன் இல்லையே, அவனுக்கு எதுவும் இல்லை. ரயில் பாதையின் தாய்லாந்துப் பகுதியை பிரிட்டன் அந்நாட்டுக்கே விலைக்கு விற்றது. பிறகு 1967இல் ஜப்பான் மலேசியாவுக்கு இரண்டு சரக்குக் கப்பல்கள் கொடுக்க ஒப்புக்கொண்டு, கணக்கைத் தீர்த்தது. கப்பல்கள் நன்றாகவே ஓடியிருக்கும். பாட்டியிடம்தான் யாரும் சொல்லவில்லை, உன் புருஷன் கணக்கு தீர்ந்துவிட்டது என்று.

மன்னிக்கவும். இழப்பீடு கேட்டு இந்த மடலை எழுதவில்லை. ஜப்பான் எரித்தது போகட்டும். தோட்டங்களில் செக்ரோல் என்ற ஆள் பதிவேடு இருந்தது. ஆள் குறைந்தால் தோட்டத்துக் கணக்கரான கிராணி அந்தப் பெயரை அடித்திருப்பார். போருக்குப் பின் தொழிலாளர்களைத் திருப்பி அனுப்பிய பிரிட்டிஷ் நிர்வாகமும் ஏதாவது எழுதி வைத்திருக்கும். அவற்றில் உங்கள் பொறுப்பில் எஞ்சியிருப்பதைத் திரட்டி, பெயர்ப் பட்டியலாக வெளியிடுங்கள். எழுத்துப் பிழையோடு இருந்தாலும் பரவாயில்லை, தகப்பன் பெயரை வைத்து நாங்கள் கண்டுபிடித்துக்கொள்கிறோம்.

அப்பாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. அடுத்த மகாளய அமாவாசைக்குள் பதில் தந்தால் நன்றியுடையவனாக இருப்பேன். தயவுசெய்து சான்று எண் மட்டும் கேட்காதீர்கள்.

பணிவுடன்,
சயாமுக்குப் போனவரின் பேரன்