எங்கள் கோல்ஃப் அணிகளுக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் உள்ள நம் சிறு கல்லூரியின் ஆண்கள், பெண்கள் கோல்ஃப் அணிகள் இவ்வாண்டுப் போட்டிகளை முடித்துவிட்ட நிலையில், இரண்டுக்கும் ஒரே பயிற்சியாளனாகிய நான் நேரில் வந்து சொல்ல வேண்டியதை இம்மடலில் எழுதுகிறேன். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்சிஏஏவின் மூன்றாம் பிரிவாகிய டிவிஷன் 3இல் உள்ள நம்மைப் போன்ற கல்லூரிகள் விளையாட்டுக்கென எவருக்கும் உதவித்தொகை வழங்க விதி இடம் தருவதில்லை என்பதால், எங்கள் மாணவர்கள் விருப்பத்தால் ஆடுகிறார்கள். நீங்களும் விருப்பத்தால்தான் உதவினீர்கள்.

முதல் நன்றி சாஃப்ட்பால் பயிற்சியாளருக்கு. கல்லூரிப் போட்டிகளில் ஐவர் ஆடி, அவர்களுள் குறைந்த அடிகளில் முடித்த நால்வரின் அடி எண்ணிக்கையே அணிக் கணக்கில் சேரும். ஆண்கள் அணியில் ஆளுக்குப் பஞ்சமில்லை. பெண்கள் அணியிலோ சென்ற ஆண்டு மூவரே இருந்ததால், அவர்கள் எவ்வளவு நன்றாக ஆடினாலும் அணிகளின் பட்டியலில் நமக்கு இடமே இல்லாமல் போயிற்று. இவ்வாண்டு இலையுதிர் காலத்தில் தம் மாணவி ஒருவர் எங்களுடன் ஆட அவர் மனமுவந்து இசைந்தார், நால்வரானோம். நால்வர் மட்டும் என்றால் கழித்துவிட எண்ணிக்கை ஏதும் கிடையாது. அம்மாணவி முதல் போட்டியிலேயே ஒரு குழிக்கு ஒன்பது அடிகள் என மிக அதிகமாக எடுத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த குழியின் தொடக்க இடத்துக்கு நடந்தார். அந்த ஒன்பதும் கணக்கில் ஏறியது. மாலையில் நம் கல்லூரியின் பெயர் பட்டியலின் கடைசி வரியில் இருந்தது. அந்த வரியை நால்வரும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்து, தம் மைதானத்தில் எங்களுக்கு இடம் தந்த ஊர்க் கோல்ஃப் கழகத்தின் புல்வெளிப் பொறுப்பாளரிடம் நன்றியோடு மன்னிப்பும் கேட்க வேண்டும். உறைபனி படிந்த புல்லை மிதித்தால் இலையின் உயிரணுக்கள் உடைந்து, காலடித் தடம் கருகி நாள்கணக்கில் நிற்கும். இது தெரிந்திருந்தும், அக்டோபர் காலை ஒன்றில் அவசரப்பட்டு மாணவர்களைப் பயிற்சிக் கிரீனில், அதாவது குழியைச் சுற்றிய குட்டைப் புல்தரையில், இறக்கிவிட்டவன் நானே. அவர் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. மறுநாள் முதல், எத்தனை மணிக்கு வரலாம் என்று விடியும் முன்பே குறுஞ்செய்தி அனுப்பத் தொடங்கினார்.

பனிக்காலம் முழுவதும் பழைய உடற்பயிற்சிக் கூடத்தை அதிகாலையில் திறந்துவிட்டு, நாங்கள் வலை கட்டக் கைகொடுத்த துப்புரவுப் பணியாளருக்கும், தேர்வுத்தாளை உறையிலிட்டு ஒட்டி என்னிடம் ஒப்படைத்து, வெளியூர்ப் போட்டிக்காகத் தங்கிய விடுதி அறையிலேயே மாணவர்களைத் தேர்வெழுதச் செய்த வேதியியல் பேராசிரியருக்கும், தங்கள் சனிக்கிழமைக் காலை நேரத்தை விட்டுக்கொடுத்த கழக உறுப்பினர்களுக்கும் எங்கள் நன்றி.

ஆறு தள்ளுவண்டிகளை வாங்கி அனுப்பிய முன்னாள் மாணவியைத் தனியே குறிப்பிட வேண்டும். கல்வி நிலையங்களில் பால் பாகுபாட்டைத் தடுத்த டைட்டில் 9 சட்டம் 1972இல் வருவதற்கு முன் இங்கே படித்தவர் அவர்; அவர் காலத்தில் பெண்களுக்குக் கோல்ஃப் அணியே இல்லை. ஒரே நாளில் 36 குழிகள் ஆட வேண்டிய போட்டியில், 14 மட்டைகள் அடங்கிய பையைத் தோளில் சுமப்பதற்கும் வண்டியில் தள்ளிச் செல்வதற்கும் உள்ள வேறுபாடு கடைசி ஒன்பது குழிகளில்தான் தெரியும். பெண்கள் அணிக்கென்றே அவர் அனுப்பிய வண்டிகளை ஆண்கள் அவ்வப்போது இரவல் வாங்குகிறார்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

சாஃப்ட்பால் பயிற்சியாளருக்கு மீண்டும் ஒரு வார்த்தை: வரும் ஆகஸ்டில் அதே மாணவியைக் கேட்டு உங்கள் அறைக் கதவைத் தட்டுவேன்.

நன்றியுடன்,
கோல்ஃப் பயிற்சியாளர்